வீட்டுக்குள் ஓர் ஒலிக்கூடம் – 12: தகதகிட எங்கே விழுகிறது?

சென்ற வாரம் மைக்கை எங்கே வைப்பது என்று பார்த்தோம். தவிலோ மிருதங்கமோ தப்போ, அடித்த அடி இப்போது லேப்டாப்புக்குள் வந்துவிட்டது. இனி அதில் ஓர் ஆவர்த்தனத்தை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் பாட்டு கட்ட வேண்டும். அந்தத் துண்டுதான் லூப். கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் மெல்லிசைக் குழு வைத்திருப்பவர்களும், திருவிழாவுக்கு அம்மன் பாட்டு போட்டுத் தருபவர்களும் இந்த இடத்துக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி: "எந்த சாஃப்ட்வேர்ல லூப் நிறைய வரும்?"

அந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்துவிடலாம் என்பது என் கருத்து. கூடவே வரும் லூப் ஆயிரமாக இருந்தாலும், அவை யாரோ எங்கோ வேறு பாட்டுக்காக அடித்தவை. நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நம் ஊர் வாசிப்பை உள்ளே கொண்டுபோனால் அது உருக்குலையாமல் வெளியே வருகிறதா? நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளையும் தவில் வாசித்த மண் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு, நாலு நாலாக மட்டும் எண்ணுகிற ஒரு கருவிக்கு நம் கணக்கை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆதி தாளம், நிமிடத்துக்கு 80 அட்சரம். அப்படியானால் ஓர் அட்சரம் 750 மில்லி விநாடி. சதுஸ்ர நடையில் அதை நான்காகப் பிரித்தால் 0, 187.5, 375, 562.5 என்று கோடுகள் விழும். பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் திறந்ததும் திரையில் காட்டுகிற கிரிட் இதுதான். இப்போது தவில்காரர் கண்ட நடைக்குப் போகிறார். தகதகிட என்ற ஐந்து சொல்லும் 0, 150, 300, 450, 600 என்ற இடங்களில் விழுகின்றன. வாசிப்பு 'கரெக்டாக' உட்கார வேண்டுமென்று நீங்கள் குவாண்டைஸ் பொத்தானை அழுத்துகிறீர்கள். ஒவ்வோர் அடியும் தனக்குப் பக்கத்தில் உள்ள கோட்டுக்கு இழுக்கப்படும். 150இல் இருந்த 'க' 187.5க்கு நகரும். 300இல் இருந்த 'த', 450இல் இருந்த 'கி' இரண்டும் 375 என்ற ஒரே கோட்டில் போய் விழும். 600இல் இருந்த 'ட' 562.5க்குப் பின்வாங்கும். ஐந்தாக உள்ளே போனது நாலாக வெளியே வருகிறது. ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் ஏறி நிற்கிறது. கேட்பவருக்கு ஏதோ இடறுவது தெரியும்; எங்கே இடறுகிறது என்று சொல்லத் தெரியாது. வாசித்தவர் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவார்.

இதற்கு அந்த சாஃப்ட்வேர்களை எழுதியவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. லூப்பை வெட்டும் கலையைப் பரவலாக்கிய ரீசைக்கிள் 1994இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. ஃப்ரூட்டிலூப்ஸ், இன்றைய எஃப்.எல். ஸ்டூடியோ, 1997இல் பெல்ஜியத்தில் பிறந்தது. 1998இல் அமெரிக்காவின் சோனிக் ஃபவுண்டரி நிறுவனம் ஆசிட் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. ஏபிள்டன் லைவ் 2001இல் பெர்லினிலிருந்து வெளியானது. நான்கும் நடன இசை பெருகிய காலத்துப் பிள்ளைகள். அந்த இசையில் அடி நாலு, அதன் பகுதி பதினாறு. எஃப்.எல். ஸ்டூடியோவில் 2018இல் வந்த 20ஆம் பதிப்பில்தான் தாள அளவை முறையாக மாற்றும் வசதியே சேர்ந்தது.

ரீசைக்கிள் கொண்டுவந்த யோசனை மட்டும் எனக்கு இன்றும் வியப்பைத் தருவது. அது ஒலியை இழுக்கவில்லை. அடி விழுகிற ஒவ்வொரு நொடியையும் கண்டுபிடித்து, அந்தந்த இடத்தில் துண்டு போட்டது. வேகத்தைக் கூட்டினால் துண்டுகள் நெருங்கும், குறைத்தால் விலகும். துண்டுக்குள் இருக்கும் ஓசை மாறாது. இன்று எல்லா சாஃப்ட்வேரிலும் 'ஸ்லைஸ்' என்று இருப்பது இந்த வழிதான். ஆசிட்டும் லைவும் இன்னொரு வழியில் போயின. ஓசையையே நுண்ணிய துணுக்குகளாக்கி, ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறும்படி அடுக்கி, சுருதி மாறாமல் நீட்டுவது அல்லது சுருக்குவது. இது 'ஸ்ட்ரெட்ச்'. எந்த வாத்தியத்துக்கு எது என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம். அதற்கு முன் கிரிட் சிக்கலைத் தீர்த்துவிடுவோம்.

ரீப்பர் என்ற சாஃப்ட்வேரில் கிரிட் அளவை நாமே பின்னமாக எழுதிக் கொடுக்கலாம். ஐந்தாகவோ ஏழாகவோ பிரிக்கச் சொன்னால் அப்படியே கோடு போடும். அந்த வசதி இல்லாத சாஃப்ட்வேரிலும் ஒரு வழி உண்டு. அட்சர வேகத்தை நடையால் பெருக்கி நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள். 80 அட்சரம், கண்ட நடை என்றால் 80 பெருக்கல் 5, வகுத்தல் 4, விடை 100. டெம்போவை 100 என்று வையுங்கள். தாள அளவை 5/4 ஆக்குங்கள். இப்போது பதினாறில் ஒன்று என்ற சாதாரணக் கோடு ஒவ்வொன்றும் சரியாக 150 மில்லி விநாடிக்கு ஒருமுறை விழும். ஒரு பாருக்கு 20 கோடு. இரண்டு பாருக்கு 40. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தைக் கண்ட நடையில் எண்ணினாலும் அதே 40 மாத்திரை. ஓர் ஆவர்த்தனம் இரண்டு பாரில் மிச்சமில்லாமல் அடங்கிவிடுகிறது. மிஸ்ர நடைக்கு டெம்போ 140, அளவு 7/4. திஸ்ரத்துக்கு 60, 3/4. எல்லாவற்றிலும் இரண்டு பாருக்கு ஓர் ஆவர்த்தனம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: இப்படி வைத்தால் சாஃப்ட்வேரின் கிளிக் ஓசை நம் கைத்தாளத்தோடு ஒட்டாது. அது நாலு மாத்திரைக்கு ஒருமுறை தட்டும். நமக்கு ஐந்துக்கு ஒருமுறை வேண்டும். கிளிக்கை அணைத்துவிட்டு, ஜால்ராவின் ஒற்றைத் தட்டு ஒன்றைப் பதிவு செய்து, ஐந்து கோட்டுக்கு ஒன்றாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்ர சாப்புக்கு இத்தனை சிரமம் இல்லை, 7/8 போதும். 4/4இல் விட்டுவைத்தால் லூப்பின் தொடக்கம் ஒவ்வொரு சுற்றிலும் பாரை விட்டு விலகிக்கொண்டே போகும்.

அடுத்தது சமம். எந்த சாஃப்ட்வேரிலும் தானாக டெம்போ கண்டுபிடிக்கச் சொன்னால், பலமாக விழும் முதல் அடியையே ஒன்று என்று எடுத்துக்கொள்ளப் பார்க்கும். நம் வாசிப்பில் அது பல சமயம் தப்பு. தவில்காரர் சமத்துக்கு முன்பே ஒரு சிறு உருட்டோடு நுழைவார். பாட்டின் எடுப்பே அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளி இருக்கும். இயந்திரம் எடுப்பைச் சமம் என்று நினைத்து வெட்டினால், லூப் தனியாக ஓடும்போது நன்றாகவே கேட்கும். பல்லவியோடு சேர்த்ததும் கோரம். இதற்குத் தீர்வு சாஃப்ட்வேரில் இல்லை, பதிவில் இருக்கிறது. வாசிப்பவரோடு உட்கார்ந்து ஒருவர் தாளம் போட வேண்டும். அந்தத் தட்டு தனி ட்ராக்கில் பதிவாக வேண்டும். வெட்டும்போது காதும் கண்ணும் தேட வேண்டியது அந்த ட்ராக்கை. இரண்டு மைக் செருகும் இன்டர்ஃபேஸ் வாங்குங்கள் என்று ஆறாம் பகுதியில் நான் வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி சுருதி. மேற்கத்திய ட்ரம் லூப்புக்கும் நம் மிருதங்க லூப்புக்கும் நடுவே உள்ள பெரிய இடைவெளி இதுதான். சாதாரணமாக வட்டத் தோல் ஒன்றை இழுத்துக் கட்டி அடித்தால் வரும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று இசைந்து போகாது. அதனால்தான் பல மேளங்களில் தெளிவான சுரம் கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ துணை ஒலிகள் முழு எண் விகிதத்தில் வந்து சேர்கின்றன என்று சர் சி.வி. ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934இல் அதை விரிவாக ஆராய்ந்து இன்னொரு கட்டுரையும் வெளியிட்டார். காரணம் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம். கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, பூசிப் பூசித் தேய்த்து ஏற்றுகிற அதற்குச் சாதம் என்றே பெயர். நெல் விளைகிற நாட்டில் சுருதியும் சோற்றில்தான் நிற்கிறது.

ஆகவே மிருதங்க லூப்புக்கு ஒரு கட்டை உண்டு. ஐந்து கட்டையில் சேர்த்து வாசித்ததை இரண்டரைக் கட்டைப் பாட்டுக்குக் கீழே போட்டால் 'தீம்'மும் 'சாப்பு'ம் பாட்டோடு சண்டை போடும். பழைய டேப் போல ஓடும் வேகத்தைக் குறைத்துச் சுருதியை இறக்கலாமா என்றால், அரைக் கட்டை இறக்கவே வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்துவிடும். ஐந்திலிருந்து இரண்டரைக்கு வர நாலு அரைச்சுரம் இறங்க வேண்டும். வேகத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் இறக்கும் வசதி எல்லா சாஃப்ட்வேரிலும் இருக்கிறது. ஆனால் நாலு அரைச்சுரம் என்பது அதிகம். மிருதங்கம் ஏதோ பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். மேலேயோ கீழேயோ ஓர் அரைச்சுரம் வரை சரி, இரண்டு என்றால் சகித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். வேறு கட்டை மிருதங்கத்தில் புதிதாக வாசித்து வாங்குவதே முறை.

ஸ்லைஸா ஸ்ட்ரெட்சா என்பதும் இங்கேதான் தீர்மானமாகிறது. தவிலின் வலப்பக்கத்தில், பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்த கூடுகளை விரல்களில் மாட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். இடப்பக்கத்தில் கழி விழுகிறது. அந்த அடியின் முனையில்தான் தவிலின் உயிர் இருக்கிறது. ஸ்ட்ரெட்ச் செய்தால் முனை மழுங்கும். தவிலையும் தப்பையும் ஸ்லைஸ் செய்யுங்கள். மிருதங்கம் அப்படியில்லை. 'தீம்' அடித்த பிறகு நீளும் கார்வை உண்டு. தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி இழுக்கும் கும்கி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும். துண்டு போட்டு வேகத்தைக் குறைத்தால் கார்வை நடுவில் அறுந்து, துண்டுக்கும் துண்டுக்கும் இடையே வெற்றிடம் விழும். மிருதங்க லூப்பின் வேகத்தைக் குறைக்க ஸ்ட்ரெட்ச்தான் வழி. கூட்டுவதற்கு ஸ்லைஸ் போதும். ஒவ்வொரு துண்டின் வாலிலும் மிகச் சிறிய ஃபேட் கொடுத்தால் 'டிக்' என்ற சத்தம் வராது.

பருவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் ஏறித் தோல் தளரும், சுருதி இறங்கும். சித்திரை வெயிலில் இறுகும், ஏறும். சம்பா நடவு முடிந்த நாளில் பதிவு செய்த லூப்பும் அறுவடைக்குப் பிறகு பதிவு செய்ததும், ஒரே மிருதங்கத்தில் ஒரே கை வாசித்ததாக இருந்தாலும், சேர்த்துப் பார்க்காமல் ஒட்டாது. தப்பில் இது இன்னும் வேகமாக நடக்கும். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சியதும் கணீரென்று இருக்கும். அடிக்க அடிக்கச் சூடு தணிந்து ஓசை இறங்கும். காய்ச்சிய கையோடு பதிவான துண்டையும் கடைசியில் பதிவான துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு லூப்புக்கு வேண்டிய அத்தனை துண்டையும் ஒரே காய்ச்சலிலிருந்து எடுங்கள்.

வேகம் ஏறுவது பற்றி ஒரு வார்த்தை. நல்ல வாசிப்பில் காலப்பிரமாணம் நிற்கும்; ஆனால் அந்த நிலை கடிகார நிலை அல்ல. தீர்மானத்துக்குப் போகும்போது ஒரு நூலிழை முன்னே சாயும். அதைக் கோட்டுக்கு இழுத்துக் கட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். கோட்டை வாசிப்புக்கு இழுங்கள். ஒவ்வொரு சமத்திலும் ஒரு டெம்போ குறி வைத்தால், கிரிட் முழுவதும் வாசித்தவரின் பின்னால் நடக்கும். பிறகு சேர்க்கிற கீபோர்டும் பேஸும் அவரோடு சேர்ந்து சாயும். தஞ்சாவூர் வைத்தியநாதய்யரின் சீடரான பாலக்காடு மணி அய்யர், மைக் தன் நாதத்தைக் கெடுக்கிறது என்று மைக் இல்லாத கச்சேரிகளையே விரும்பினார். நாம் அந்த அளவுக்குப் போக முடியாது. கருவி வாசிப்புக்குக் கட்டுப்பட வேண்டுமென்று அவர் நின்ற நிலையையாவது காப்பாற்றலாம்.

இப்போது பெயர் சொல்லலாம். பதிவு செய்யவும் வெட்டவும் மட்டும் என்றால் ஆடாசிட்டி போதும். 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசம். 2023இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து பார், அடி காட்டும் கிரிட்டும், துண்டை நீட்டிச் சுருக்கும் வசதியும் உண்டு. ஆனால் பாட்டு முழுவதையும் அதில் கட்டுவது கஷ்டம். எஃப்.எல். ஸ்டூடியோ கையில் படிவது சுலபம், ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் புதிய பதிப்புகள் இலவசம்; சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையைத் திரும்பத் திறக்க முடியாது என்பது தெரிந்திருக்கட்டும். மேடையில் லூப் ஓடவிட்டுப் பாடுபவர்களுக்கு ஏபிள்டன் லைவுக்கு இணை இல்லை, விலைதான் எட்டாது. ஆப்பிள் கணினி வைத்திருந்தால் லாஜிக்கில் 2018இலிருந்து வாசிப்பைப் பின்தொடரும் ஸ்மார்ட் டெம்போ இருக்கிறது.

டெல்டாவில் வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்கிறவருக்கு நான் சொல்வது ரீப்பர். வினாம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கலின் படைப்பு. செல்போன் டேட்டாவிலேயே இறக்கிவிடலாம், அத்தனை சின்னது. பழைய லேப்டாப்பிலும் ஓடும். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். அடி விழும் இடத்தில் தானாகத் துண்டு போடுவது, நீட்டுவதற்கு இடம் இடமாகக் குறி வைப்பது, சமத்துக்குச் சமம் டெம்போ மாற்றுவது, ஐந்தும் ஏழுமாகக் கோடு போடுவது எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கூட ஒரு லூப்பும் வராது. அதை நான் குறையாக நினைக்கவில்லை.

தனித்தனிச் சொற்களை வைத்துப் பழக வேண்டுமானால் ஒரு நல்ல களஞ்சியம் உண்டு. மிருதங்கக் கலைஞர் அக்‌ஷய் அனந்தபத்மநாபனும் சென்னை ஐ.ஐ.டி.யின் ஹேமா மூர்த்தி குழுவும் ஆய்வுக்காகத் தொகுத்தது: 10 வகைச் சொற்கள், 6 சுருதிகள், மொத்தம் 7,162 அடிகள், ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. ஆய்வுக்காகத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. நம் சாஃப்ட்வேர் எந்த அடியை எப்படித் துண்டு போடுகிறது என்று சோதிக்க இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

ஆனால் ஊர்க் கலைஞரை வீட்டுக்கு அழைத்து லூப் எடுக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 'ஆமென், பிரதர்' என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தது. அதில் சுமார் 7 விநாடி, கிரிகோரி கோல்மன் தனியாக ட்ரம் வாசிக்கிறார். அந்த 7 விநாடி பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பாடல்களில் லூப்பாக ஓடியது. கோல்மன் 2006இல் இறக்கும்வரை அதிலிருந்து அவருக்கு ஒரு காசு வரவில்லை. தஞ்சாவூர் ரெட்டிப்பாளையத்துத் தப்பாட்டக் கலைஞர்களின் அடிக்கும் இதே நிலை வரலாம். தப்பை அடித்தவர்கள் பெயரும், மிருதங்கத்துக்குத் தோல் கட்டியவர்கள் பெயரும் வெகுகாலம் எங்கும் எழுதப்படவே இல்லை. தஞ்சாவூர் செபஸ்தியான் குடும்பத்தைப் போன்ற மிருதங்கத் தொழிலாளர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகம் வந்ததே 2020இல்தான்.

நம் காப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, நிகழ்த்திய கலைஞருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையை 2012 திருத்தம் சேர்த்தது. எனவே பதிவுக்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இந்த லூப் ஒரு பாட்டுக்கா, பல பாட்டுக்கா, மற்றவருக்கு விற்கப் போகிறோமா, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு. பணத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள். கோப்பின் பெயரில் வாசித்தவர் பெயர், ஊர், தாளம், நடை, அட்சர வேகம், கட்டை, மாதம் ஆகிய ஏழும் இருக்கட்டும். பத்து வருடம் கழித்து வேறு கணினியில் வேறு சாஃப்ட்வேரில் திறந்தாலும் அது யார் கை என்று தெரிய வேண்டும்.

அடுத்த வாரம்: நாகஸ்வரத்தையும் தவிலையும் ஒரே அறையில் பதிவு செய்தால் ஒன்றின் மைக்கில் மற்றது ஏறுவதை எப்படிச் சமாளிப்பது.